ஐந்து கிலோவைச் சுமக்க எந்தப் பை?

ஒரு நாள் மலையேற்றத்துக்கான முதுகுப்பையைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் குளிர்ப்பிரதேசத்தை மனதில் வைத்துக்கொண்டே எழுதுகிறார்கள். கம்பளிச் சட்டைக்கு இடம் இருக்கிறதா, பனிக்கோடரியை மாட்ட வளையம் இருக்கிறதா என்று நீளும் பட்டியல் தருமபுரிக்காரருக்கும் கிருஷ்ணகிரிக்காரருக்கும் எதற்கு? ராயக்கோட்டைக் கோட்டைமலையிலோ வத்தல்மலையிலோ ஏறுகிறவரின் பையில் பாதிக்கு மேல் இருப்பது தண்ணீர். மூன்று லிட்டர் என்றால் மூன்று கிலோ. புளிசாதமும் வறுத்த நிலக்கடலையும் அரைக் கிலோ. மழைச்சட்டை, டார்ச், மருந்து, பவர் பேங்க், துண்டு எல்லாம் சேர்ந்து ஒன்றரைக் கிலோ. ஆக மொத்தம் ஐந்து கிலோ.

வழியில் நிரப்பிக்கொள்ளலாம் என்ற கணக்கு இங்கே செல்லாது. மாசி பிறந்தால் பல ஓடைகளில் மணல்தான் மிஞ்சும். அடிவாரத்து ஊரில் அடிபம்பு இருந்தாலும், ஃபுளோரைடு மிகுந்த நிலத்தடி நீருக்குப் பேர்போன மாவட்டங்கள் இவை. அதனால்தான் காவிரி நீரை வீடுகளுக்குக் கொண்டுவரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் பெயரிலேயே, ஃபுளோரைடால் பல்லும் எலும்பும் கெடும் ஃபுளோரோசிஸ் நோயின் தணிப்பும் சேர்ந்திருக்கிறது. ஒரு நாள் குடிப்பதால் பல்லும் எலும்பும் கெட்டுவிடாது என்பது உண்மை. ஆனால் காய்ச்சினாலும் ஃபுளோரைடு போகாது, கையடக்க வடிகட்டிகளும் பொதுவாகக் கிருமிகளைத்தான் தடுக்கும். எனவே வீட்டிலிருந்தே சுமந்து போவதுதான் வழக்கம். இந்த ஐந்து கிலோவை எந்தப் பை உடம்புக்கு நோகாமல் சுமக்கிறது என்பதை வைத்தே கீழே ஒப்பிடுகிறேன். கொள்ளளவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இருபதிலிருந்து இருபத்தைந்து லிட்டர் போதும். முப்பது லிட்டர் வாங்கினால் இடம் இருக்கிறதே என்று கண்டதையும் திணிப்போம்.

வீட்டில் இருக்கும் லேப்டாப் பை

பலருக்கும் இதுதான் முதல் பை. தீர்த்தமலைக்குப் போய்ப் பாருங்கள், தீர்த்தகிரீசுவரரைப் பார்க்கப் படியேறும் இளைஞர்களில் பாதிப் பேர் முதுகில் அலுவலகப் பைதான் இருக்கும். அதில் தவறொன்றும் இல்லை. படிக்கட்டு ஏற்றம், ஒரு லிட்டர் தண்ணீர், இரண்டு மூன்று மணி நேர வேலை என்றால் இதற்காகத் தனியாக ஒரு பை வாங்குவது வீண்செலவு. கிருஷ்ணகிரி சையத் பாஷா மலைக்கும் இதே தீர்ப்புதான்.

ஐந்து கிலோவுக்கு மட்டும் இது சரிப்படாது. லேப்டாப்பைக் காப்பதற்காக முதுகுப் பக்கம் வைத்த தடித்த பஞ்சு காற்றை முழுக்க அடைத்துவிடுகிறது. தோள்வார்கள் நேராக இறங்குவதால் அக்குளில் உரசும். மார்புப் பட்டையும் இடுப்புப் பட்டையும் கிடையாது. பாறையில் குனிந்து கை ஊன்றி ஏறும்போது பை பக்கவாட்டில் சரிந்து ஆளையும் சேர்த்து இழுக்கும். தண்ணீர் பாட்டிலின் இடம் பற்றிக் கேட்கவே வேண்டாம். ஒல்லியான குடைக்கு அளவெடுத்த பக்கப் பையில் ஒரு லிட்டர் பாட்டில் பாதிதான் இறங்கும்.

ஆயிரம், இரண்டாயிரம் ரூபாய்ப் பைகள்

விளையாட்டுப் பொருள் கடையான டெக்கத்லானின் கெச்சுவா என்ற பெயரில் வரும் தொடக்கநிலைப் பைகள் இந்த வகைக்கு நல்ல எடுத்துக்காட்டு. 1998-இல் பெங்களூரில் தொடங்கிய வைல்ட்கிராஃப்ட்டும் இந்த விலைக்கு அருகில் பைகளை விற்கிறது. ஓசூர்க்காரர்களுக்குப் பெங்களூர் கூப்பிடு தூரம் என்பதால் நேரில் போய்ப் பார்த்து வாங்குவது எளிது. பை அரைக் கிலோவுக்குள் இருக்கும், துணி மெலிதாக இருக்கும், முதுகில் ஒரு விரல் தடிமனுக்கு ஃபோம் இருக்கும். சிலவற்றில் மார்புப் பட்டை உண்டு.

இவற்றை மட்டமாகப் பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. அரைக் கிலோப் பைக்கும் ஒன்றேகால் கிலோப் பைக்கும் உள்ள வித்தியாசம் முக்கால் லிட்டர் தண்ணீர். மேலே போய்த் தாகமெடுக்கும்போது அந்த முக்கால் லிட்டர்தான் பெரிது. மூன்று கிலோ வரை இந்தப் பை தோளில் இருப்பதே தெரியாது. நான்கைத் தாண்டினால் கழுத்தின் இரு பக்கமும் இறுகத் தொடங்கும். இடுப்பில் ஒரு நாடா இருந்தாலும் அது ஆட்டத்தை நிறுத்துமே தவிர எடையை வாங்காது. இதைக் கடைக்காரர்கள் சொல்வதில்லை. இரண்டு விரல் அகல நாடாவைக் காட்டி ‘ஹிப் பெல்ட் இருக்கிறது சார்’ என்பார்கள். எடையை வாங்க வேண்டுமென்றால் பட்டையில் பஞ்சு இருக்க வேண்டும், அது இடுப்பெலும்பின் மேல் விளிம்பில் உட்கார வேண்டும், பையின் முதுகுப் பலகையோடு தைக்கப்பட்டிருக்க வேண்டும்.

வலை முதுகா, ஒட்டும் முதுகா

விலை ஏழெட்டு மடங்கு ஏறும் இடத்தில்தான் உண்மையான போட்டி. ஒரு பக்கம், முதுகுக்கும் பைக்கும் நடுவே வலையை இழுத்துக் கட்டி, இடையில் காற்று ஓட வழி விட்ட பைகள். ஜெர்மனியின் டாய்ட்டர் நிறுவனம் 1984-இல் கொண்டுவந்த ஏற்பாடு இது. இன்று அதன் ஃப்யூச்சுரா வரிசையிலும் அமெரிக்காவின் ஆஸ்ப்ரே நிறுவனத்தின் ஸ்ட்ராடோஸ் வரிசையிலும் பார்க்கலாம். எதிர்ப்பக்கம், வரிவரியாகப் பள்ளம் வெட்டிய ஃபோம் முதுகோடு ஒட்டி உட்காரும் பைகள். ஆஸ்ப்ரே டேலன் 22, டாய்ட்டர் ஸ்பீட் லைட் ஆகியவை இந்த வகை.

தருமபுரி வெயிலைச் சொன்னதுமே எல்லோரும் வலை முதுகுப் பக்கம் சாய்ந்துவிடுகிறார்கள். காரணம் இல்லாமல் இல்லை. நம் ஊர்க் காற்று கடலோரக் காற்றைப்போல் ஈரம் கோத்தது அல்ல. இடைவெளி கொடுத்தால் வியர்வை உடனே உலர்கிறது. சித்திரை மாதம் வத்தல்மலைக்குக் கொண்டை ஊசி வளைவுகளில் நடந்து ஏறிவிட்டுப் பையைக் கழற்றினால், வலை முதுகுக்காரரின் சட்டையில் தோளிலும் இடுப்பிலும் மட்டுமே ஈரம் இருக்கும். ஃபோம் முதுகுக்காரரின் சட்டை முதுகு முழுக்க ஒட்டியிருக்கும், காய்ந்த பிறகு உப்பு வரி வரியாகத் தெரியும். காப்பித் தோட்டங்களின் காற்று அந்த ஈரத்தில் படும்போது சில்லென்று இருக்கிறது என்று சிலர் ரசிக்கிறார்கள். அது அவரவர் விருப்பம்.

பாறை வந்தால் கதை மாறிவிடுகிறது. ராயக்கோட்டையில் படிகள் கைவிட்ட பிறகு வழுக்குப் பாறையில் குனிந்து ஏற வேண்டிய இடங்கள் உண்டு. 1791-இல் மூன்றாம் மைசூர்ப் போரின்போது ஆங்கிலேயப் படை பிடித்த கோட்டை அது, எளிதாக ஏறும்படி யாரும் கட்டவில்லை. வலை முதுகுப் பையில் சுமை முதுகிலிருந்து நான்கைந்து விரல் தள்ளி நிற்கிறது. சமதரையில் அது தெரியாது. ஒரு காலை உயர்ந்த பாறையில் வைத்து உடம்பை மேலே உந்தும் நொடியில், பின்னாலிருந்து யாரோ காலரைப் பிடித்துச் சற்றே இழுப்பதுபோல் இருக்கும். தண்ணீர் நிறைந்திருக்கும் ஏற்றத்தில் இழுப்பு அதிகம், பாட்டில்கள் காலியாகிவிட்ட இறக்கத்தில் குறைவு. ஒட்டும் முதுகுப் பையில் இந்தத் தொல்லை இல்லை. திரும்பினால் அதுவும் திரும்பும், குனிந்தால் அதுவும் குனியும்.

வலை முதுகுக்கு இன்னொரு குறை உண்டு, வாங்கிய பிறகுதான் கண்ணில் படும். வலையை விறைப்பாக வைக்க உள்ளே ஒரு சட்டம் வளைந்திருக்கிறது. அதனால் பையின் உட்புறமும் வாழைப்பழம்போல் வளைகிறது. எவர்சில்வர் டிபன் பாக்ஸை நேராக நிறுத்த முடியாது. சாய்த்து வைத்தால் மூடியின் ஓரத்தில் சாம்பார் கசியும். சட்டத்தின் எடையையும் சேர்த்தால், அதே கொள்ளளவுள்ள ஃபோம் பையைவிடக் கால் கிலோவாவது கூடுதலாக இருப்பது வழக்கம்.

என் தீர்ப்பு ஒட்டும் முதுகுக்கே. மேலகிரியில் குத்திராயன் உச்சிக்குப் போவதானாலும், அரூர்ப் பக்கம் சித்தேரி மலையில் ஒற்றையடிப் பாதையில் நடப்பதானாலும், சட்டை நனைவதைவிடக் கால் தடுமாறுவதுதான் பெரிய சங்கடம். சாலை வழியாகவும் வண்டிப்பாதை வழியாகவும் மட்டுமே நடக்கிறவர், முதுகில் வேர்க்குரு எளிதில் வருகிறவர், தயங்காமல் வலையை எடுக்கலாம். மற்றபடி இரண்டு வகையிலும் பெரும்பாலும் பஞ்சு வைத்த நல்ல இடுப்புப் பட்டை இருக்கிறது. விலையில் பெரிய பங்கு அதற்குத்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதம் ஒரு நடைகூடப் போகாதவர் இவ்வளவு செலவழிக்கத் தேவையில்லை.

பாட்டிலும் குழாயும்

பைக்குள் தொங்கவிட்டுக் குழாய் வழியே உறிஞ்சும் தண்ணீர்ப் பை இப்போது பரவலாகிவிட்டது. நடந்துகொண்டே குடிக்கலாம், எடை முதுகோடு ஒட்டி நடுவில் நிற்கும். ஆனால் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பது கண்ணுக்குத் தெரியாது. பாதி வழியில் குழாய் காற்றை உறிஞ்சினால் அப்போதுதான் தெரியும். வெயிலில் குழாயில் நிற்கும் முதல் வாய்த் தண்ணீர் வெந்நீர். கழுவிக் காய வைக்கச் சோம்பல்பட்டால் பூஞ்சை பிடிக்கும். இரண்டு லிட்டரை உள்ளே முதுகை ஒட்டி நிற்கும் பாட்டிலிலும், ஒரு லிட்டரைப் பக்கப் பையிலும் வைப்பது எனக்கு ஒத்துவருகிறது. கடையிலேயே பையை மாட்டிக்கொண்டு, கழற்றாமல் பக்கப் பையிலிருந்து பாட்டிலை எடுத்துத் திரும்ப வைக்க முடிகிறதா என்று பாருங்கள். நிறையப் பைகள் தோற்கும் இடம் இது.

முள், குரங்கு, மழை

பக்கப் பை வலைத்துணியாக இருந்தால் நம் புதர்க்காட்டில் அதற்கு ஆயுள் குறைவு. உன்னிச்செடியும் காரை முள்ளும் அதைப் பிடித்து இழுத்து ஓட்டை போட்டுவிடும். இழுத்தால் நீளும் துணியில் தைத்த பக்கப் பை கொஞ்சம் தாங்கும், அழுத்தமான நைலான் நன்றாகவே தாங்கும். துணியின் நூல் தடிமனை ‘டெனியர்’ என்ற அளவில் போட்டிருப்பார்கள். அடிப்பக்கத்துக்கு 400-க்கு மேல் இருந்தால் பாறையில் தேய்த்தாலும் பயமில்லை.

தீர்த்தமலையிலும் ஒகேனக்கலிலும் குரங்குகள் பையின் அமைப்பை நம்மைவிட நன்றாக அறிந்து வைத்திருக்கின்றன. பக்கப் பையில் துருத்தும் பழச்சாறு பாட்டில் நிச்சயம் போய்விடும். மேல்மூடியை நாடாவால் சுருக்கிக் கட்டும் பைகளைவிட, இரண்டு ரன்னர் உள்ள ஜிப் பைகள் பாதுகாப்பு. இரண்டு ரன்னரையும் சேர்த்து ஒரு சிறு கொக்கி போட்டுவிட்டால் போதும். மேலகிரி யானைகள் நடமாடும் காடு, 2014-இல் அறிவிக்கப்பட்ட காவிரி வடக்கு வன உயிரினச் சரணாலயம் அங்கேதான் இருக்கிறது. வனத்துறை அனுமதியும் வழிகாட்டியும் இல்லாமல் உள்ளே போகக் கூடாது. அங்கே பளிச்சென்ற ஆரஞ்சுப் பை வேண்டாம், மண் நிறமோ இலைப்பச்சையோ போதும்.

விலை கூடிய சில பைகளில் ரெயின் கவர் அடியிலேயே மடித்து வைத்திருக்கும். அது பெருமழைக்கு அரை உதவிதான், முதுகுப் பக்கமாக வழியும் நீரை அது தடுக்காது. உரச்சாக்குக்குள் வரும் தடித்த உள்ளுறையைக் கழுவி உலர்த்திப் பைக்குள் போட்டு, வாயைச் சுருட்டிக் கட்டினால் கைப்பேசியும் மாற்றுச் சட்டையும் நனையாது. கோடை இடிமழை பிற்பகலில் திடீரென்று இறங்கும் ஊரில் இதைக் கட்டாயம் என்றே சொல்வேன்.

முதுகின் நீளம்

ஆள் உயரமும் முதுகின் நீளமும் ஒன்றல்ல. தலையைக் குனிந்தால் பின்கழுத்தில் ஓர் எலும்பு துருத்தும். இடுப்பெலும்பின் மேல் விளிம்பில் இரண்டு கைகளையும் வைத்து, கட்டைவிரல்களைப் பின்னால் நீட்டினால் முதுகில் ஒரு கோடு கிடைக்கும். இரண்டுக்கும் நடுவே தையல்காரர் டேப்பால் வீட்டில் யாரையாவது அளக்கச் சொல்லுங்கள். அந்த அளவுக்குப் பை பொருந்தவில்லை என்றால் எவ்வளவு விலை கொடுத்தும் பயனில்லை. நீளமான பையில் இடுப்புப் பட்டை தொடைக்கு இறங்கும், குட்டையான பையில் வயிற்றைப் பிடிக்கும். டேலன் பை இரண்டு அளவுகளில் வருகிறது, முதுகுப் பலகையையும் மேலே கீழே நகர்த்தலாம். குறைந்த விலைப் பைகள் பெரும்பாலும் ஒரே அளவுதான். பெண்களுக்கென்று வரும் பைகளில் நிறத்தை மட்டும் மாற்றியிருக்கிறார்கள் என்று நினைக்க வேண்டாம். நல்ல நிறுவனங்கள் முதுகைக் குட்டையாக்கி, தோள்வாரின் வளைவையும் மாற்றியிருக்கின்றன.

எந்தப் பையானாலும் முதலில் பிரிவது தோள்வார் மேலே சேரும் தையல், அடுத்து ஜிப் ரன்னர். தருமபுரி பஸ் நிலையத்தருகே பை தைக்கும் பெரியவர் ஒருவர் என் பழைய பையைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “நான் போடுற தையல் நிக்கும் சார், இந்தத் துணிதான் நிக்காது” என்றார். வாங்கும்போதே வாரின் வேர்ப்பகுதியைத் திருப்பிப் பாருங்கள். பெட்டிபோல் நான்கு பக்கமும் தைத்து, நடுவில் குறுக்குத் தையலும் போட்டிருந்தால் எடுக்கலாம்.

கடைக்குப் போகும்போது மூன்று லிட்டர் தண்ணீரைப் பாட்டில்களில் நிரப்பிக்கொண்டு போங்கள். பைக்குள் வைத்து, இடுப்புப் பட்டையை முதலில் இறுக்கி, பிறகு தோள்வார், கடைசியாக மார்புப் பட்டை என்ற வரிசையில் கட்டிக்கொண்டு, மாடிப்படியில் கால்மணி நேரம் ஏறி இறங்குங்கள். கடைக்காரர் முகம் சுளித்தால் அடுத்த கடைக்குப் போகலாம்.