நிலத்துக்கு இவர்கள், காசோலைக்கு வேறு ஆள்: மதுரை வக்கீல் அலுவலகம் ஒன்றோடு நீண்ட பழக்கம்

2016 முதல் இந்த அலுவலகத்தின் கட்சிக்காரி நான். மதுரை மாவட்ட நீதிமன்றத்துக்குப் பக்கத்துத் தெருவில், மாடியில் இருக்கிறது. குறையும் சொல்லப் போவதால் பெயரைத் தவிர்க்கிறேன். சிவில், குடும்ப நலம், மோட்டார் விபத்து இழப்பீடு, காசோலை, தொழிலாளர், உயர் நீதிமன்ற ரிட் என எல்லா வழக்கும் பார்ப்பதாகத்தான் அங்கே சொல்வார்கள். நம் ஊரில் எந்த வக்கீல் அலுவலகம் இதில் ஒன்றைக் குறைத்துச் சொல்லியிருக்கிறது? எந்தப் பிரிவில் உண்மையிலேயே ஆள் இருக்கிறது என்பது உள்ளே போய்ப் பழகிய பிறகுதான் தெரியும்.

விளம்பரத்தைப் பார்த்து முடிவு செய்யவும் வழியில்லை. வக்கீல்கள் விளம்பரம் செய்யக் கூடாது என்பது இந்திய பார் கவுன்சில் விதி. இணையத்தில் நட்சத்திரக் குறி போட்டு வக்கீல்களைப் பட்டியலிடுவதையும் சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஜூலையில் கண்டித்தது. ஆகவே பெயர் பரவுவதெல்லாம் வாய்வழிதான். எனக்கு இவர்களைச் சொன்னவர் ஓய்வு பெற்ற கிராம நிர்வாக அலுவலர். "வழக்கு மெதுவாகத்தான் போகும். ஆனால் பொய் சொல்லிக் கூட்டிப் போக மாட்டார்கள்" என்றார். இரண்டுமே அப்படியே பலித்தன.

எங்களுடையது பாகப் பிரிவினை வழக்கு. மேலூர்ப் பக்கம் பெரியாற்றுப் பாசனத்தில் பூர்விக நஞ்சை. ஊருக்குள் ஒரு வீடு. அம்மா முன்பே தவறிவிட்டார். அப்பா 2001இல் உயில் எழுதாமல் காலமானார். அண்ணன் ஒருவர், பெண்கள் நாங்கள் இருவர். எனக்கும் அக்காவுக்கும் 1989க்கு முன்பே கல்யாணம் ஆகிவிட்டது. அண்ணன் அதைத்தான் பிடித்துக்கொண்டார். தமிழ்நாட்டில் பெண்களுக்குப் பூர்விகச் சொத்தில் சம உரிமை தந்த 1989 சட்டம், அதற்கு முன் மணமான பெண்களைச் சேர்க்கவில்லை. 2005இல் வந்த மத்தியச் சட்டத் திருத்தத்தில் அந்தத் தடை கிடையாது. ஆனால் திருத்தம் நடைமுறைக்கு வந்த நாளில் தகப்பனார் உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்று 2015இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது.

இவர்களிடம் வருமுன் பார்த்த ஒரு வக்கீல் இதில் எதையும் சொல்லவில்லை. சரிபாதி வாங்கித் தருகிறேன் என்றார். இங்கே சீனியர் முதலில் மூலப்பத்திரத்தையும் வில்லங்கச் சான்றையும் மேசையில் பரப்பினார். பழைய வாய்தாத் தாள் ஒன்றின் பின்பக்கத்தில் பென்சிலால் வம்சாவளி வரைந்தார். பட்டாவில் இருந்த புல எண்ணுக்கும் பத்திரத்தில் இருந்ததற்கும் உட்பிரிவில் வேறுபாடு இருந்தது. அதைச் சுழித்துவிட்டு, "இதை முதலில் தாலுகா அலுவலகத்தில் சரி செய்யுங்கள்" என்றார். பிறகு கணக்குப் போட்டார். அப்பாவுக்குப் பாதி, அண்ணனுக்குப் பாதி. அப்பாவின் பாதியை மூன்று பிள்ளைகளும் பிரித்துக்கொண்டால் ஆளுக்கு ஆறில் ஒன்று. "அம்மா, இன்றைய சட்டப்படி உங்களுக்கு இவ்வளவுதான். அதற்கு மேல் தருகிறேன் என்று எவராவது சொன்னால், அவரிடமே கொடுத்துவிடுங்கள்." அக்காவுக்கு முகம் வாடிவிட்டது. நான் அன்றே வக்காலத்தில் கையெழுத்துப் போட்டேன்.

பிராது, எதிருரை, சாட்சி, குறுக்கு விசாரணை எல்லாம் முடிந்து 2019இல் முதல்நிலைத் தீர்ப்பாணை, அதாவது யாருக்கு எவ்வளவு பங்கு என்று மட்டும் சொல்லும் ஆணை, வந்தது. அவர் சொன்ன அதே ஆறில் ஒன்று. அந்தப் பங்கை அளந்து பிரித்துத் தரும் இறுதித் தீர்ப்பாணைக்கான மனு நிலுவையில் இருந்தபோது, 2020 ஆகஸ்ட் 11 அன்று உச்ச நீதிமன்றம் அந்தப் பழைய நிலையை மாற்றியது. மகளுக்கு உரிமை பிறப்பாலேயே வருகிறது, திருத்த நாளில் தகப்பனார் உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை, இறுதித் தீர்ப்பாணை ஆகாத வழக்குகளிலும் பங்கை மாற்றிக் கேட்கலாம் என்றது. அந்த வாரமே குமாஸ்தா போன் செய்தார். "அக்கா, உங்கள் கேஸ் கட்டை எடுத்து வைத்துவிட்டோம். ஆறில் ஒன்று இனி மூன்றில் ஒன்று ஆகும். சீனியர் பேச வேண்டுமாம்." கொரோனாக் காலம், நீதிமன்றங்கள் பாதி திரையில் நடந்துகொண்டிருந்தன. நாங்களாகக் கேட்கவில்லை. முடங்கிக் கிடந்த பாகப் பிரிவினைக் கட்டுகளை எல்லாம் ஜூனியர்கள் பிரித்து, யாருக்கு இந்தத் தீர்ப்பு பொருந்தும் என்று பார்த்திருக்கிறார்கள். இவர்களுடைய பெயருக்கு அடித்தளம் இந்த வேலைதான்.

இப்படிப் பங்கு மாறுவதை எதிர்த்து அண்ணன் தரப்பு சீராய்வு மனுவோடு ஒத்தக்கடைக்கு, அதாவது உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்குப் போனது. 2004 ஜூலையில் அந்தக் கிளை திறக்காமல் இருந்திருந்தால் இதற்கெல்லாம் ராத்திரி ரயிலில் சென்னைக்குப் போயிருக்க வேண்டும். அங்கே இவர்களுக்கென்று தனி ஜூனியர் இருக்கிறார். தேவையில்லாமல் எங்களை வரச் சொல்லவில்லை. மனு தள்ளுபடியானது. எதிர்த்தரப்பு வக்கீலே வராந்தாவில் எங்கள் சீனியருக்கு வணக்கம் வைத்துவிட்டுப் போனதைப் பார்த்து அக்காவுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. இருவரும் சேர்ந்துவிட்டார்களோ என்று. அந்தத் தொழிலில் அது சாதாரணம் என்று புரிய வைக்கப் பெரும்பாடு பட்டேன்.

இனி குறைகள். சீனியரைப் பார்ப்பது மாலை ஆறு மணிக்கு மேல்தான். பெஞ்சில் காத்திருக்க வேண்டும். ஃபீஸை முன்கூட்டியே சொல்லிவிடுகிறார்கள். ஆனால் நகல் மனு, ஸ்டாம்பு, பேட்டா என்று குமாஸ்தா வாங்கும் சில்லறைச் செலவுக்குக் கேட்டால்தான் கணக்குக் கிடைக்கும். வாய்தா தேதியும் சில சமயம் தாமதமாகத்தான் வந்து சேரும். அதற்கு வழக்கின் பதினாறு இலக்க சி.என்.ஆர். எண்ணை வாங்கி வைத்துக்கொண்டு இ-கோர்ட்ஸ் செயலியில் நீங்களே பார்ப்பது நல்லது. எந்த வக்கீலிடம் போனாலும் முதல் நாளே கேட்டு வாங்குங்கள்.

மோட்டார் விபத்துப் பிரிவு பரவாயில்லை. தங்கை முறையாகும் ஒருத்தியின் மகனுக்கு விபத்து நடந்தபோது இங்கேதான் அனுப்பினேன். ஆறு மாதத்துக்குள் மனு போட வேண்டும் என்ற கெடு இப்போது இருப்பதால் உடனே வரச் சொன்னார்கள். இழப்பீட்டில் இவ்வளவு சதவீதம் என்று பேரம் பேசவில்லை. அப்படிப் பங்கு கேட்பதை விதி தடுக்கிறது. தடுத்தும் பல இடங்களில் நடக்கிறது.

காசோலை வழக்குக்கு மட்டும் இங்கே போகாதீர்கள். என் கணவரின் கடைக்கு வந்த காசோலை திரும்பியபோது, வங்கி தகவல் கிடைத்த முப்பது நாளுக்குள் அனுப்ப வேண்டிய நோட்டீஸைக் கெடு முடியும் தறுவாயில்தான் அனுப்பினார்கள். புதிதாகச் சேர்ந்த ஜூனியர். மேலே கேட்பார் இல்லை. சிவில் கட்டுக்குக் கிடைக்கும் கவனத்தில் கால்வாசிகூட அதற்கு இல்லை. கட்டைத் திரும்பக் கேட்டோம். ஃபீஸ் பாக்கி இருந்தாலும் வக்கீல் கட்சிக்காரரின் கட்டைப் பிடித்து வைக்க முடியாது என்று 2000ஆம் ஆண்டிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஊரில் பாதிப்பேருக்கு அது தெரியாது. இவர்கள் முணுமுணுக்காமல் அன்றே கொடுத்து, புது வக்காலத்தில் ஆட்சேபணை இல்லை என்று எழுதிக் கையெழுத்தும் போட்டார்கள். பாகப் பிரிவினை வழக்கை அதற்காக ஓரம் கட்டவும் இல்லை.

நீதிமன்றம் நியமித்த ஆணையர் சர்வேயரோடு வந்து நிலத்தை அளந்து பிரித்துவிட்டார். வீட்டை அண்ணனே வைத்துக்கொண்டு எங்களுக்குப் பணமாகத் தருவது என்று பேசி முடித்ததும் சீனியர்தான். இறுதித் தீர்ப்பாணையை முத்திரைத்தாளில் எழுதி வாங்கிப் பதிவு செய்வதும், பட்டா மாற்றமும் மிச்சம். அந்த வேலையையும் இவர்களிடமே விட்டிருக்கிறேன்.