எட்டரை போட எங்கே இடம்? அனிமே பட்டியல் தளங்கள் ஓர் அலசல்

பார்த்த அனிமேவுக்கு, அதாவது ஜப்பானிய அனிமேஷன் தொடருக்கு, மார்க் போட்டுக் குறித்து வைக்கும் மைஅனிமேலிஸ்ட் தளத்தில் எட்டரை போட முடியாது. எட்டு, இல்லாவிட்டால் ஒன்பது. அனிமே ரசிகர்களில் பெரும்பாலோருக்கு முதல் கணக்கு அங்கேதான். ஆனாலும் ஒன்றிலிருந்து பத்து வரை முழு எண் மட்டும்தான் என்பதில் அந்தத் தளம் அசைந்து கொடுக்கவே இல்லை. இன்னொரு தளமான அனிலிஸ்ட்டில் நிலைமை தலைகீழ். நூற்றுக்கு மார்க் போடலாம், தசமப் புள்ளி வைத்துப் பத்துக்குப் போடலாம், ஐந்து நட்சத்திரம் தரலாம். யோசிக்கச் சோம்பலாக இருந்தால் சிரிச்ச முகம், உம்மென்ற முகம், வாடிய முகம் மூன்றில் ஒன்றைத் தட்டிவிட்டுப் போகலாம்.

இதை வைத்து அனிலிஸ்ட்தான் உசத்தி என்று முடித்துவிட முடியாது. இந்தத் தளங்களிடம் நாம் இரண்டு வேலை கேட்கிறோம். பார்த்ததைக் குறித்து வைப்பது ஒன்று, அடுத்து எதைப் பார்க்கலாம் என்று ஊர் என்ன சொல்கிறது எனக் கேட்பது இன்னொன்று. முதலாவதில் அனிலிஸ்ட் கில்லாடி. இரண்டாவதில் மைஅனிமேலிஸ்ட்டை இன்னும் யாரும் அசைக்கவில்லை.

காரணம், கூட்டம். ஒரு தொடரை "8.7" என்று யாராவது சொன்னால் எந்தத் தளத்து எண் என்று எவரும் கேட்பதில்லை, மைஅனிமேலிஸ்ட் எண்தான் என்று எடுத்துக்கொள்வார்கள். அங்கே காட்டப்படுவது வெறும் சராசரியும் இல்லை. ஓட்டு குறைவாக விழுந்த தொடரின் எண்ணைத் தளத்தின் பொதுச் சராசரியை நோக்கி இழுத்துவிடும் ஒரு எடைக் கணக்கு உள்ளே ஓடுகிறது. பத்துப் பேர் மட்டும் பார்த்து பத்துக்குப் பத்து போட்ட படம் ஒரே ராத்திரியில் முதலிடத்துக்கு ஏறாமல் இருப்பது அதனால்தான். தொடரில் ஐந்தில் ஒரு பங்காவது பார்த்திருந்தால்தான் உங்கள் ஓட்டே கணக்கில் சேரும்.

ஆனால் அந்த எண்ணைப் படிக்க ஒரு பழக்கம் வேண்டும். தளமே கொடுத்திருக்கும் விளக்கப்படி 5 என்றால் சராசரி, 7 என்றால் நன்று. நடைமுறையில் 7 வாங்கிய தொடரைத்தான் ஜனங்கள் "சுமார்" என்கிறார்கள். இன்னொரு சூட்சுமம், ஒவ்வொரு சீசனுக்கும் தனிப் பக்கம். மூன்றாவது சீசன் வரை வருகிறவர் ஏற்கெனவே அந்தத் தொடரின் ரசிகர். பிடிக்காதவர்கள் முதல் சீசனிலேயே கழன்றிருப்பார்கள். அதனால் பின்னால் வரும் சீசன்களின் எண் தானாக ஊதிவிடும். மேல்வரிசைப் பட்டியலில் கின்டாமா என்ற தொடர் பல பக்கங்களாகப் பிரிந்து வரிசை கட்டி நிற்பதன் ரகசியம் பாதி இதுதான். (மீதி பாதி, தொடர் உண்மையிலேயே நன்றாக இருப்பது.) எனவே புதிதாக ஆரம்பிக்கிறவர் முதல் சீசனின் எண்ணை மட்டும் பாருங்கள்.

ஃபுல்மெட்டல் ஆல்கெமிஸ்ட்: பிரதர்ஹுட் பல வருடம் கட்டிக் காத்த முதலிடத்தை 2023-இல் வந்த ஃப்ரீரன் பிடித்தபோது கிளம்பிய சண்டையைப் பார்த்தவர்களுக்கு, தசமத்தில் இரண்டாவது இலக்கத்துக்காக மனிதர்கள் என்னவெல்லாம் செய்வார்கள் என்று தெரிந்திருக்கும். பிடித்த தொடரை மேலே ஏற்ற, போட்டித் தொடருக்குப் பத்துக்கு 1 மார்க் போடுகிற கூட்டம் அங்கே எப்போதும் உண்டு.

இனி அனிலிஸ்ட். தினசரி உபயோகத்துக்கு இதுதான் என் தேர்வு. ஓடிக்கொண்டிருக்கும் தொடரின் அடுத்த எபிசோடு வர எத்தனை நாள், எத்தனை மணி நேரம் இருக்கிறது, நீங்கள் எத்தனை எபிசோடு பின்தங்கியிருக்கிறீர்கள் என்பது முகப்பிலேயே தெரியும். கூட்டல் குறியைத் தட்டினால் எபிசோடு எண் ஒன்று ஏறும், வேலை முடிந்தது. கதை, பாத்திரங்கள், காட்சி, ஒலி, ரசனை என்று பிரித்து மார்க் போடவும் வழி உண்டு. பரீட்சைப் பேப்பர் திருத்துகிற சுபாவம் உள்ளவர்களுக்கு அது சொர்க்கம். எனக்கு மூன்றாவது தொடரிலேயே அலுத்துவிட்டது.

என்னைக் கட்டிப் போட்டது சொந்தப் பட்டியல் வசதி. உதாரணமாக, சோலோ லெவலிங் மாதிரி சில தொடர்கள் கிரன்ச்சிரோல் என்ற ஸ்ட்ரீமிங் தளத்தில் தமிழ் டப்பில் கிடைக்கின்றன. "தமிழில் பார்த்தவை" என்று தமிழிலேயே பெயர் வைத்து அவற்றுக்கு ஒரு பட்டியல் போட்டுவிடலாம். தங்கச்சிக்கோ அத்தை பையனுக்கோ எதைக் காட்டலாம் என்று யோசிக்கும்போது அந்த ஒரு பட்டியல் போதும்.

அடுத்த தளமான கிட்சுவைப் பற்றி நீட்டி முழக்க எதுவும் இல்லை. ஹம்மிங்பேர்ட் என்ற பழைய பெயரில் இருந்தபோது இருந்த கலகலப்பு, 2016-இல் பெயர் மாறிய பிறகு மெல்ல வடிந்துவிட்டது. அரை நட்சத்திரம் போட முடியும், பார்க்கவும் லட்சணமாக இருக்கும். அவ்வளவுதான்.

அனிமே-பிளானட் 2001-இலேயே தொடங்கியது, மைஅனிமேலிஸ்ட்டுக்கும் மூத்தது. அதன் பலம் பரிந்துரை. இந்தத் தொடர் பிடித்திருந்தால் இதையும் பாருங்கள் என்று ரசிகர்களே ஜோடி சேர்த்து, ஏன் என்றும் எழுதியிருப்பார்கள். "பார்க்கவே மாட்டேன்" என்று ஒரு தனி நிலையும் அங்கே உண்டு. எல்லோரும் வற்புறுத்துகிற ஒரு தொடரை அதில் தூக்கிப் போடும் சுகமே தனி.

அனிடிபி வேறு ரகம். வன்தட்டில் கோப்புகளாகச் சேர்த்து வைப்பவர்கள், எந்தக் குழு சப்டைட்டில் போட்டது என்பதுவரை குறித்து வைப்பவர்கள் போக வேண்டிய இடம். ஸ்ட்ரீமிங்கில் மட்டும் பார்க்கிறவருக்கு அந்தப் பக்கமே தலை சுற்றும்.

எதில் தொடங்கினாலும் மாட்டிக்கொள்வோமோ என்ற பயம் வேண்டாம். மைஅனிமேலிஸ்ட்டிலிருந்து பட்டியலை எக்ஸ்எம்எல் கோப்பாக இறக்கி, அனிலிஸ்ட், கிட்சு, அனிமே-பிளானட் மூன்றிலும் ஏற்றலாம். 2018 மே மாதம் பாதுகாப்புக் கோளாறால் மைஅனிமேலிஸ்ட்டே மூடிக் கிடந்தபோது பலர் இடம் மாறினார்கள். ஆகவே எந்தத் தளத்தில் இருந்தாலும் அவ்வப்போது ஒரு பிரதியை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். மைஅனிமேலிஸ்ட், அனிலிஸ்ட் இரண்டிலும் கணக்கு வேண்டும் என்பவர்கள் மால்-சிங்க் என்ற நீட்சியை பிரவுசரில் போட்டுக்கொண்டால், பார்க்கப் பார்க்க எபிசோடு எண் தானாகவே ஏறிவிடும். மார்க் மட்டும் நாம்தான் போட வேண்டும்.