காரைக்கு பஸ்ஸா, வகுப்பறையில் திரையா?

ஜியாலஜி படிக்கும் பிள்ளைகளுக்குப் பாறையைக் காட்ட இன்று இரண்டு வழி. பஸ் பிடித்துப் பெரம்பலூர் மாவட்டத்துக் காரைக்குப் போகலாம். இல்லையென்றால் வகுப்பிலேயே கூகுள் எர்த்தையும் முப்பரிமாண மாதிரிகளையும் திறக்கலாம். 2020-ல் கொரோனா பஸ்ஸை நிறுத்தியபோது திரை ஒன்றே கதி. இப்போது பஸ் ஓடுகிறது, ஆனாலும் செலவைச் சொல்லித் திரையிலேயே முடித்துவிடலாமே என்ற பேச்சு வருகிறது.

திரைக்கு உரியதை முதலில் கொடுத்துவிடுகிறேன். ஸ்காட்லாந்தில் ஸிக்கர் பாயின்ட் என்று ஒரு கடலோரப் பாறை. 1788-ல் புவியியலாளர் ஜேம்ஸ் ஹட்டன் படகில் போய்ப் பார்த்தது. கீழே சைலூரியன் காலத்து அடுக்குகள் ஏறக்குறைய செங்குத்தாக நிற்கின்றன. அவற்றின் அரிபட்ட தலைமேல் அதற்குப் பிந்தைய டெவோனியன் காலத்துச் செம்மணற்கல் லேசாகச் சாய்ந்து படுத்திருக்கிறது. நடுவில் சுமார் 6.5 கோடி ஆண்டுக்குப் பாறையே இல்லை. நம் பிள்ளைகளில் எத்தனை பேர் அங்கே போக முடியும்? மாதிரியைச் சுழற்றி அந்த எல்லைக்கோட்டை நெருங்கிக் காட்டினால், இடையில் என்ன நடந்தது என்று அவர்களே கேட்கிறார்கள். மேடு பள்ளம் ஏற முடியாத பிள்ளைக்கும், வெளியூரில் தங்க வீட்டில் விடாத பெண்ணுக்கும் இது பெரிய வாசல்.

சரி, காரைக்கு வருவோம். வெயிலில் களிமண் பள்ளங்களுக்குள் இறங்கினால் தரையெங்கும் வெள்ளையாக மின்னும். அது ஜிப்சமா, கால்சைட்டா? திரையில் இந்த இரண்டு கனிமங்களும் ஒன்றுபோலவே இருக்கும். களத்தில் நகத்தால் கீறினால் ஜிப்சத்தில் கோடு விழும், கால்சைட்டில் விழாது. பக்கத்திலேயே துப்பாக்கித் தோட்டா மாதிரி ஒரு கல் கிடக்கும். பெலம்னைட், கணவாய்க்கு உறவான, டைனோசர்கள் வாழ்ந்த கிரெட்டேசியஸ் காலத்துக் கடல் உயிரியின் உள்கூடு. நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை ஒரு சொட்டு விட்டால் நுரைக்கும். அதாவது கால்சைட். மண்டியிட்டு அந்த நுரையைப் பார்த்த பிள்ளை இந்த வித்தியாசத்தை மறப்பதில்லை.

அளவும் திரையில் ஏமாற்றும். பக்கத்தில் ஒரு சுத்தியல் இல்லாவிட்டால் ஒரு ஜாண் அடுக்கும் ஓர் ஆள் உயர அடுக்கும் ஒரே மாதிரி தெரியும். அடுக்கின் திசையையும் சாய்வையும் அளக்கும் பிரன்டன் காம்பஸைப் பாறைமேல் வைத்துக் குமிழியை நடுவில் நிறுத்தக் கை பழக வேண்டும். மவுஸில் அது வராது.

ஆனால் நேராகக் களத்தில் இறக்கிவிட்டாலும் பாதி நாள் வீண். எங்கே நிற்கிறோம் என்றே புரியாமல் சுற்றுவார்கள். அதனால் முந்தின வாரமே கூகுள் எர்த்தில் ஓடைகளை அடையாளம் வைத்து, ஆளுக்கொரு வரைபடம் போட வைக்க வேண்டும். அப்புறம் பஸ்.

ஒரே ஒரு நாளுக்குத்தான் பணம் என்றால்? அதே மாவட்டத்துச் சாத்தனூரில் கல்லாகிப்போன மரம் 18 மீட்டர் நீளம், பார்த்தால் மலைக்க வைக்கும். ஆனாலும் அது பார்க்கிற பொருள், படத்தில் ஓரளவு காட்டிவிடலாம். நான் காரையைத்தான் கேட்பேன், காலை ஆறு மணிக்கே, வெயில் ஏறுவதற்குள்.