28 அடி என்று சொல்லி விற்கப்பட்ட படகு: இரவுத் தங்கலுக்குப் படகு தேடுவோர் கவனத்திற்கு

மண்டபம் பகுதியில் பழைய ஃபைபர் படகு வாங்க நினைப்பவர்கள், அதிலும் பகலில் தூண்டில் தொழிலும் மாதத்தில் இரண்டு மூன்று இரவுகள் கடலிலேயே தங்கலும் என்று கணக்கிட்டிருப்பவர்கள், முன்பணம் கொடுக்கும் முன்பே இதைப் படித்துவிட வேண்டும் என்று எழுதுகிறேன். விற்றவரின் பெயரையும் ஊரையும் குறிப்பிடப்போவதில்லை. ஏமாற்றப்பட்ட விதத்தைத் தெரிந்துகொண்டால் அதே கதையை வேறு யார் சொன்னாலும் அடையாளம் கண்டுகொள்ளலாம்.

நான் அலுவலக வேலையிலிருந்து ஓய்வு பெற்றவன். என் மைத்துனரோ சிறுவயது முதல் வடகடலில் தொழில் செய்பவர். வடகடல் என்று நாங்கள் சொல்லும் பாக் விரிகுடா ஆழம் குறைந்தது. அதற்கு அவரிடமிருந்த 20 அடிப் படகே போதுமானதாக இருந்தது. விளமீனும் பாறைமீனும் கணவாயும் தேடித் தென்கடலுக்கு, அதாவது மன்னார் வளைகுடாவுக்கு, மாலையில் சென்று விடியலில் திரும்ப வேண்டும் என்ற ஆசை வந்தபோதுதான் பெரிய படகு தேடினோம். தென்கடல் இந்தியப் பெருங்கடலை நோக்கித் திறந்து கிடப்பது. தென்மேற்குப் பருவத்துக் கச்சான் காற்று வீசும் மாதங்களில் அதன் அலை வேறு வகையாக எழும். இந்த வேறுபாடு மைத்துனருக்குத் தெரியாதது அல்ல. இருந்தும் இருவருமே ஏமாந்தோம்.

தரகர் காட்டிய படகைக் கரையில் பார்த்தபோது விற்பவர் சொன்ன முதல் வாக்கியம், "அண்ணே, முழுசா 28 அடி, நாலு பேர் கால் நீட்டிப் படுக்கலாம்" என்பது. இரவில் காற்று எழுந்தால் எங்கே ஒதுங்குவது என்று கேட்டதற்கு, முயல் தீவு ஓரமாக நங்கூரம் போட்டுவிட்டு மணலில் ஏறிப் படுத்துக்கொள்ளலாம் என்றார். அந்தத் தீவு உட்பட ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடைப்பட்ட 21 தீவுகளும் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்காவுக்குள் வருபவை. வனத்துறை அனுமதி இல்லாமல் எவரும் அவற்றில் இறங்க முடியாது. இதை அறிந்தும் இப்படிப் பேசுகிறவர் மற்றவற்றையும் இப்படித்தான் பேசுவார் என்று அந்த நிமிடமே நாங்கள் எழுந்து வந்திருக்க வேண்டும். வரவில்லை. 9.9 குதிரைத்திறன் எஞ்சினுடன் சேர்த்து 1,70,000 ரூபாய்க்குப் பேசி முடித்தோம்.

சோதனை ஓட்டம் காலை ஏழு மணிக்கு, கண்ணாடி போலக் கிடந்த வடகடலில், இரண்டே ஆட்களுடனும் அரை டேங்க் பெட்ரோலுடனும் நடந்தது. படகு பறந்தது, அப்படி ஓட்டினால் எந்தப் படகும் பறக்கத்தான் செய்யும் என்பதை இப்போது சொல்ல முடிகிறது.

முதல் தங்கல் ஆகஸ்டில். மூன்று பேர், 70 லிட்டர் பெட்ரோல், 200 கிலோ ஐஸ், 40 லிட்டர் குடிநீர், ஐஸ் பெட்டி, சங்கிலியுடன் நங்கூரம், கயிறு, அடுப்பு, தார்ப்பாய், படுக்கை, தூண்டில் சாமான்கள் என்று கூட்டிப் பார்த்தால் 650 கிலோவை ஒட்டி வரும். பகல் தொழிலுக்குப் போகும்போது இது 235 கிலோவைத் தாண்டுவதில்லை. நீர்மட்டத்தில் ஆறரை மீட்டர் நீளமும் 1.4 மீட்டர் அகலமும் உள்ள, முன்பக்கம் குறுகிவரும் இத்தகைய படகில் ஏறத்தாழ 65 கிலோ ஏற்றினால் ஒரு சென்டிமீட்டர் தாழும். ஆகவே கூடுதலான 415 கிலோ அதை ஆறு சென்டிமீட்டருக்கு மேல் அமிழ்த்தும். பாரம் சமமாகப் பரவினால்தான் இந்தக் கணக்கு. எஞ்சினும் பெட்ரோலும் ஆட்களும் பின்பக்கமே சேர்வதால் அங்கே 10 சென்டிமீட்டர் வரை தாழ்ந்துவிடுகிறது. இந்தக் கணக்கை நான் போட்டது வாங்கிய பிறகு.

படுக்க இடம் இருந்ததா என்றால், குறுக்குப் பலகைகளுக்கு இடையே நான்கடிதான் இருந்தது. கால் நீட்டுவது இருக்கட்டும், முழங்காலை மடக்கித்தான் சாய முடிந்தது. நள்ளிரவுக்குப் பின் காற்று எழுந்தது. முன்பக்கம் நங்கூரம் போட்டிருந்தும், நீவாடு, அதாவது கடல் நீரோட்டம், ஒரு பக்கமும் காற்று மறுபக்கமும் இழுத்ததால் படகு திரும்பிப் பின்புறத்தை அலைக்குக் காட்டியது; எஞ்சின் மாட்டும் பின்பலகையின் மேலாகத் தண்ணீர் உள்ளே வழிந்தது. பெரிய அலை என்று சொல்ல முடியாது. ஒருவர் விடாமல் இறைக்க, மற்ற இருவரும் ஐஸை அள்ளிக் கடலில் கொட்டினோம். நங்கூரத்தை எடுத்து எஞ்சினை முடுக்கியபோது, பாரத்தில் தாழ்ந்திருந்த பின்புறம் இன்னும் அமிழ்ந்தது. மெதுவாகவே ஓட்டி விடியலில் கரை சேர்ந்தோம். உயிர்ச்சேதம் இல்லை, மைத்துனர் இரண்டு நாள் பேசவில்லை.

அதன்பின் அளவு நாடாவை எடுத்தேன். விற்றவர் காட்டிய 28 அடி, விளிம்பின் வளைவை ஒட்டி முன்மூக்கிலிருந்து பின்பலகையின் நடு வரை நாடாவை வளைத்துப் பிடித்து அளந்தது. இரு முனைகளிலும் தூக்குக்குண்டு தொங்கவிட்டுத் தரையில் நேராக அளந்தால் 25 அடி 5 அங்குலம்தான். வேடிக்கை என்னவென்றால், 1983ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டப்படி எடுத்த பதிவுச் சான்றிலேயே 7.75 மீட்டர் என்று தெளிவாக எழுதியிருந்தது. அடியில் சொல்லப்பட்டதை மீட்டரில் எழுதியதோடு ஒப்பிட எங்களுக்குத் தோன்றவில்லை. சான்றின் நகலையும் முன்பணம் வாங்கிய பிறகுதான் அவர் கொடுத்தார்.

நீளக் குறைவைக்கூட மன்னித்துவிடலாம், பின்பலகையில் செய்திருந்ததை மன்னிக்க முடியாது. இவ்வகை எஞ்சின்களில், விசிறிவரை இறங்கும் தண்டு குட்டையான ஷார்ட் ஷாஃப்ட் என்பது 15 அங்குல உயரப் பலகைக்கும், தண்டு நீளமான லாங் ஷாஃப்ட் என்பது 20 அங்குல உயரப் பலகைக்கும் உரியவை. இந்தப் படகின் பலகை 20 அங்குலமாக வார்க்கப்பட்டது. விற்றவர் கையில் இருந்ததோ ஷார்ட் ஷாஃப்ட் எஞ்சின். அதை அப்படியே மாட்டினால் விசிறி போதிய ஆழத்தில் இறங்காமல் காற்றை இழுத்துக்கொண்டு சுழலும் என்பதால், பலகையை ஐந்து அங்குலம் அறுத்துத் தாழ்த்தி, ரெசின் பூசி நீல வண்ணம் அடித்திருந்தார். பாரத்தால் 10 சென்டிமீட்டர் தாழும் பின்புறத்தில் மேலும் பன்னிரண்டரை சென்டிமீட்டர் உயரத்தை அவர் ரம்பத்தால் எடுத்திருக்கிறார். அறுத்த இடத்தில் சரியாக மூடாததால் உள்ளிருக்கும் பிளைவுட் நீர் குடித்து ஊறிப்போயிருந்தது. சுத்தியலின் கைப்பிடியால் தட்டினால் மற்ற இடங்களில் 'டக்' என்று கேட்கும் ஒலி அங்கே அமுங்கிக் கேட்டது.

தளத்துக்கு அடியில் மிதவை நுரை நிரப்பியிருக்கிறது, கவிழ்ந்தாலும் மூழ்காது என்றும் சொல்லியிருந்தார். ஒரு மூலையைத் திறந்து பார்த்தபோது கிடந்தவை மீன் பெட்டியிலிருந்து உடைத்தெடுத்த தெர்மோகோல் துண்டுகள். கசிந்த பெட்ரோல் பட்டு அவற்றில் பாதி பசைபோலக் கரைந்திருந்தது.

ஊர்ப் பெரியவர்கள் பேசியதன் பேரில் 30,000 ரூபாய் திரும்ப வந்தது. பலகையை மீண்டும் உயர்த்தவும் லாங் ஷாஃப்ட் எஞ்சினுக்கு மாறவும் அதைவிட அதிகம் செலவாயிற்று. இப்போது அந்தப் படகு வடகடலில் பகல் தொழிலுக்கு மட்டும் போகிறது, அதற்கு நன்றாகவே இருக்கிறது.

இரவுத் தங்கலுக்கு எவ்வளவு பெரியது வேண்டும் என்று கேட்பவர்களுக்கு என் கருத்தைச் சொல்கிறேன். நேராக அளந்து 28 முதல் 30 அடியும், அதைவிட முக்கியமாக விளிம்பில் ஆறடிக்குக் குறையாத அகலமும், அறுக்கப்படாத 20 அங்குலப் பின்பலகையும் வேண்டும். அதற்கு மேல் போனால் கரையில் இழுத்து ஏற்றக் கூடுதல் ஆட்கள் வேண்டும், பெட்ரோல் செலவும் ஏறும். மாதம் இரண்டு இரவுக்காக அதைச் சுமப்பது வீண். சோதனை ஓட்டத்துக்கு 20 லிட்டர் கேன்கள் இருபதில் தண்ணீர் நிரப்பி, ஒவ்வொன்றும் 20 கிலோ என்ற கணக்கில் 400 கிலோவைப் படகில் ஏற்றி, மூன்று பேர் பின்புறம் அமர்ந்து, பலகையின் மேல்விளிம்பிலிருந்து நீர்மட்டம் எத்தனை விரல் கீழே இருக்கிறது என்று பாருங்கள். விற்பவர் இதற்கு ஒப்பாவிட்டால் அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளலாம்.

எங்களுக்கு விற்றவரிடம் இன்னும் இரண்டு படகுகள் கரையில் கவிழ்த்து வைக்கப்பட்டிருக்கின்றன. இரண்டுக்கும் புதிதாக நீல வண்ணம் அடிக்கப்பட்டிருக்கிறது. இரண்டையும் 28 அடி என்றே சொல்கிறார்.