ஐந்தாம் ஆண்டிலும் என் பொறுமையைச் சோதிக்கும் ஒரு குவியத் திருகு

பழுதுபார்க்கச் சென்றிருந்த முன்கண்ணாடியும் இரண்டு ஆடிகளும் கொண்ட என் எட்டு அங்குல ஷ்மிட்-காசெக்ரெய்ன் தொலைநோக்கி ஏழு வாரங்களுக்குப் பிறகு போன வாரம்தான் வீடு திரும்பியது. அதே வாரத்தில், கோள்களைப் படமெடுக்கத் தொடங்க விரும்பும் நண்பர் ஒருவர், இதே வகைக் கருவி ஒன்று பழையதாக விலைக்கு வருகிறது, வாங்கலாமா என்று கேட்டார். ஒரே வரியில் பதில் அனுப்பிவிடலாம் என்று உட்கார்ந்தேன். அந்த ஒரு வரி ஆமாம் என்று முடிய வேண்டுமா, வேண்டாம் என்று முடிய வேண்டுமா என்பது எனக்கே தெரியவில்லை. ஆகவே விரிவாக எழுதுகிறேன். 203 மில்லிமீட்டர் துளை, 2032 மில்லிமீட்டர் குவியத் தூரம், குவிய விகிதம் 10 என்பவற்றை எந்த விளம்பரத் தாளிலும் படித்துக்கொள்ளலாம். நான் சொல்ல வந்தது அந்தத் தாளில் இல்லாத ஒரு திருகைப் பற்றி.

குழாயின் பின்புறத்தில், கட்டைவிரல் பருமனில், ரப்பர் உறையிட்ட ஒரு திருகு இருக்கிறது. வேறு பல வகைத் தொலைநோக்கிகளில் குவியம் சரிசெய்யும்போது கண்ணருகு வில்லையோ கேமராவோ முன்னும் பின்னும் நகரும். இதில் கேமரா நின்ற இடத்தில் நிற்க, உள்ளே இருக்கும் முதன்மை ஆடியே நடுக்குழாயின் மேல் வழுக்கி நகர்கிறது. வழுக்குவதற்கு இடைவெளி வேண்டும். அந்த இடைவெளியை மசகு நிரப்பியிருக்கிறது. ஆடியைத் தள்ளும் தண்டோ மையத்தில் அல்லாமல் ஓரத்தில் ஒரே இடத்தில் பொருத்தப்பட்டிருக்கிறது. எனவே வலப்புறமாகத் திருகினால் ஆடி ஒரு பக்கம் இம்மியளவு சாய்ந்து நகர்கிறது. திசையை மாற்றினால் மறுபக்கம் சாய்கிறது. கண்ணால் பார்ப்பவருக்கு இது ஒரு பொருட்டே அன்று. கேமராவில் பார்ப்பவருக்கு, திரையின் நடுவில் நின்றிருந்த வியாழன் ஒரே துள்ளலில் ஓரத்துக்குப் போய்விடுகிறது.

எவ்வளவு துள்ளுகிறது என்பதைக் கணக்கிட்டுச் சொன்னால்தான் என் கோபத்துக்கு நியாயம் கிடைக்கும். என் கேமராவின் படப்புள்ளி 2.9 மைக்ரோமீட்டர். குவியத் தூரத்தை இரண்டு மடங்காக்கும் பார்லோ வில்லையுடன் அது 4064 மில்லிமீட்டராகும்போது, ஒரு படப்புள்ளிக்கு வானில் சுமார் 0.147 வில்விநாடி (வில்விநாடி என்பது ஒரு பாகையில் 3600இல் ஒரு பங்கு) அமைகிறது. வேகமாகப் படம்பிடிப்பதற்காக கேமரா உணரியின் நடுப்பகுதியை மட்டும் 640க்கு 480 படப்புள்ளி என்று வெட்டி எடுப்பேன். அப்போது திரையில் அடங்குவது 94க்கு 70 வில்விநாடி அளவுள்ள வானம். 2022 செப்டம்பர் 26 அன்று எதிர்நிலைக்கு, அதாவது வானில் சூரியனுக்கு நேர் எதிர்ப்புறம், வந்த வியாழனின் அகலம் ஏறக்குறைய 50 வில்விநாடி. பழுதுபார்ப்பதற்கு முன் என் திருகு ஒவ்வொரு திசை மாற்றத்துக்கும் சுமார் 40 வில்விநாடி துள்ளியது. அதாவது, குவியத்தைச் சற்றுத் தாண்டிவிட்டோமோ என்று ஐயுற்றுத் திருகைத் திருப்பினால், கோளின் கணிசமான பகுதி திரைக்கு வெளியே போய்விடும். தொலைநோக்கியைத் தாங்கித் திருப்பும் மவுண்டின் பொத்தான்களை அழுத்தி அதை மீண்டும் நடுவுக்குக் கொண்டுவருவதற்குள், எந்த நிலையைக் கூர்மையென நினைத்தோமோ அது நினைவிலிருந்து நழுவிவிடும்.

இத்துடன் முடிந்தால் பொறுத்துக்கொள்ளலாம். இந்த அமைப்பில் முதன்மை ஆடியின் குவிய விகிதம் 2. துணை ஆடி அதை ஐந்து மடங்காக்கி 10 ஆக்குகிறது. அந்த ஐந்து மடங்கின் விளைவாக, முதன்மை ஆடி ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தால் குவியம் சுமார் 26 மில்லிமீட்டர் நகர்ந்துவிடுகிறது. குவிய விகிதம் 10இல் படம் கூர்மையாக இருக்கும் எல்லை இரு பக்கமும் ஏறத்தாழ 0.11 மில்லிமீட்டர்தான். இதை 26ஆல் வகுத்துப் பாருங்கள்: ஆடியை ஏறக்குறைய நான்கு மைக்ரோமீட்டர் துல்லியத்தில் நிறுத்த வேண்டும். ஒரு தலைமுடியின் பருமனில் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்கே ஆன இந்தத் துல்லியத்தை, மசகு தடவிய குழாயின் மேல், கைவிரலால், இருட்டில் எட்ட வேண்டும் என்று எதிர்பார்த்தவர்களை நான் பல இரவுகளில் மனத்துக்குள் திட்டியிருக்கிறேன்.

நிதானமாகச் செய்ய வேண்டியதுதானே என்று கேட்கலாம். கோள் படமெடுப்பில் இல்லாத ஒன்று அந்த நிதானந்தான். நாம் எடுப்பது ஒரு படத்தை அன்று. விநாடிக்கு நூறு சட்டகங்கள் வீதம் ஓடும் காணொளியை. காற்றின் கொந்தளிப்பால் பெரும்பாலான சட்டகங்கள் நீரில் நெளியும் நிழலைப் போலக் கலங்கியிருக்கும்; இடையிடையே சில கணங்கள் தெளியும். அப்படித் தெளிந்த சட்டகம் கிடைப்பதற்கான வாய்ப்பை டேவிட் ஃபிரைடு 1978இல் கணக்கிட்டுக் காட்டினார். நாம் இன்று வீட்டுக் கணினியில் செய்வது அந்த வாய்ப்பை அறுவடை செய்யும் வேலை. இரண்டு நிமிடங்களில் 12,000 சட்டகங்கள், சுமார் 3.7 ஜிகாபைட்; அவற்றில் சிறந்த ஒன்றிரண்டாயிரத்தை ஆட்டோஸ்டாக்கர்ட் என்னும் மென்பொருள் தேர்ந்து அடுக்கித் தரும். இரண்டு நிமிடத்துக்கு மேல் நீட்ட வியாழன் விடாது. பத்து மணி நேரத்துக்குள் தன்னைச் சுற்றிவிடும் அந்தக் கோளின் நடுப்பகுதி, எதிர்நிலைக் காலத்தில் இரண்டு நிமிடங்களில் அரை வில்விநாடி நகர்ந்துவிடுகிறது. எட்டு அங்குலத் துளையின் பிரிதிறன் எல்லையும் 0.57 வில்விநாடிதான். சுழற்சியைக் கணினியில் ஈடுசெய்ய வின்ஜுபோஸ் என்னும் மென்பொருள் இருக்கிறது என்றாலும், ஒவ்வொரு காணொளியும் முதலில் கூர்மையாக இருந்தாக வேண்டும். காற்று அடங்கி நிற்கும் நேரமோ ஓர் இரவில் இருபது நிமிடம் கிடைத்தால் பெரிது. அந்த இருபதில் பத்தைத் திருகு தின்றுவிட்டால் யார்மேல் கோபப்படுவது?

நான் முயன்று பார்க்காத பரிகாரம் இல்லை. கடைசித் திருப்பம் எப்போதும் இடஞ்சுழியாக இருக்க வேண்டும், அப்போதுதான் ஆடி தன் எடைக்கு எதிராகத் தள்ளப்பட்டு நிலையாக உட்காரும் என்பது அனைவரும் சொல்லும் அறிவுரை. அது உண்மையும்கூட, ஆனால் ஒரு மயிரிழை தாண்டிவிட்டால் பின்னுக்குப் போய் மறுபடியும் முதலிலிருந்து வர வேண்டும். மாதம் ஒருமுறை திருகை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பலமுறை சுழற்றினால் மசகு சமமாகப் பரவும் என்றார்கள். பரவியது, சில வாரங்களுக்குக் குணம் தெரிந்தது, பிறகு பழைய கதை. குவியத்தைச் சரிபார்க்க உதவும் பாஹ்டினோவ் மறைப்பைக் குழாயின் முன்னால் மாட்டி ஒரு விண்மீனில் துல்லியமாகக் குவித்துவிட்டுக் கோளுக்குத் திரும்பிப் பார்த்தேன். குழாய் திரும்பும்போதே ஆடி சற்று அசைந்து உட்கார்ந்ததால் அந்தத் துல்லியமும் பயன்படவில்லை. பிறகு திருகைச் சுழற்ற ஒரு மோட்டார் வாங்கினேன். கை படாததால் படம் நடுங்குவது நின்றது, துள்ளுவது நிற்கவில்லை. மோட்டார் சுழற்றினாலும் சாய்வது அதே ஆடிதானே என்ற எளிய உண்மை, பணம் கொடுத்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

உண்மையில் வேலை செய்த ஒரே பரிகாரம், பின்புறத்தில் தனியாக மாட்டிய கிரேஃபோர்டு வகைக் குவியமைப்பு. முதன்மை ஆடியைத் தோராயமான இடத்தில் நிறுத்திவிட்டு, மீதி நுண்ணிய வேலையைக் கேமராவை நகர்த்தியே முடித்துக்கொள்ளலாம். படம் நின்ற இடத்தில் நிற்கும். ஆனால் அதுவும் பார்லோவும் கேமராவும் சேர்ந்து பின்புறம் ஒரு சாண் நீண்டுவிடுவதால், கோள் உச்சிவானை நெருங்கும்போது கேமரா மவுண்டில் இடித்துக்கொள்கிறது. கோள் மிக உயரத்தில், மிகக் குறைந்த காற்றின் வழியே தெரியும் மிகச் சிறந்த அரை மணி நேரத்தில் மட்டும் அந்தப் பரிகாரத்தைக் கழற்றிவைக்க வேண்டியிருக்கிறது. இந்த முரணை நினைத்து ஒருமுறை இருட்டில் தனியாகச் சிரித்திருக்கிறேன்.

இத்தனை குறையைச் சொன்ன பிறகு, ஆடிகளைப் பற்றி நேர்மையாகப் பேசாவிட்டால் அநியாயம். குவியத்துக்கு வெளியே விண்மீனை வைத்துப் பார்த்தால் ஒளிவளையங்கள் குவியத்துக்கு இரு பக்கமும் ஒத்திருக்கின்றன; ஆடிகள் நன்றாக இருப்பதற்கு அது அடையாளம். 2022இல், 1963க்குப் பிறகு மிக அருகில், சுமார் 59.1 கோடி கிலோமீட்டர் தொலைவில் வியாழன் வந்தபோது, பெருஞ்சிவப்புப் புள்ளியின் விளிம்பைச் சுற்றிச் சுருளும் மேகங்களை இந்த எட்டு அங்குலம் எனக்குக் காட்டியது. அடுக்கிய படம் முதலில் மங்கலாக, பால்படிந்த கண்ணாடிக்கு அப்பால் இருப்பதுபோலத்தான் வரும். மென்பொருளில் நுண்விவரங்களை எழுப்பும் வேவ்லெட் கூர்மையாக்கத்தின் முதல் அளவை உயர்த்தியவுடன் வியாழனின் மேகப் பட்டைகளும் முடிச்சுகளும் எழுந்து வரும் அந்தக் கணத்துக்காகத்தான் இத்தனை பாடும்.

நான் எதிர்பாராமல் கிடைத்தது சனி. 2021 ஜூலையில் கருவி கைக்கு வந்தவுடன் எடுத்த முதல் படங்களில் வளையங்கள் ஏறத்தாழ 18 பாகை சாய்ந்து விரிந்திருந்தன. வளையங்களுக்கு நடுவே உள்ள காசினி இடைவெளி இரு முனைகளிலும் கருமையாக வெட்டிக்கொண்டு தெரிந்தது. அடுத்தடுத்த ஆண்டுகளில் வளையம் ஒடுங்கிக்கொண்டே வந்து, 2024இல் கோளின் குறுக்கே ஒரு தடித்த கோடாகிவிட்டது. 2025 மார்ச் 23 அன்று பூமி வளையத் தளத்தைக் கடந்த நாளில் சனி சூரியனுக்கு மிக அருகில் இருந்ததால் அதைப் பார்க்க வாய்க்கவில்லை. அதற்குப் பின் எடுத்த படத்தையும் சேர்த்து வரிசையாக வைத்தபோது, ஒரு கண் மெல்ல மூடுவதைப்போல அது மூடுகிறது. தனித்தனியே பார்த்தால் இவற்றில் ஒன்றுகூடப் பெருமைப்படத்தக்க படமன்று. 2023இன் படம் தெளிவாகவே குவியம் தப்பியது, அதற்கான காரணத்தை மேலே எழுதிவிட்டேன். ஒரே கருவி, ஒரே கேமரா, ஒரே அளவு என்பதால்தான் அந்த வரிசைக்கு மதிப்பு. இடையில் எரிச்சல்பட்டு இதை விற்றிருந்தால் அது கிடைத்திருக்காது.

செவ்வாயைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. அதன் அகலம் 2022 டிசம்பரில் 17 வில்விநாடி, 2025 ஜனவரியில் 14.6, 2027 பிப்ரவரியில் இன்னும் சிறியதாகத்தான் வரும். முன்கண்ணாடியில் ஈரம் படிவதும், மூடிய குழாய் வெளிக்காற்றின் வெப்பநிலைக்கு இறங்கி வர ஒரு மணி நேரத்துக்கு மேல் எடுப்பதும் இந்த வகைக் கருவிகளுக்கு உரிய குணங்கள்; ஒன்றுக்குச் சூடேற்றும் பட்டை, மற்றொன்றுக்கு முன்கூட்டியே வெளியே வைக்கும் பழக்கம் என்று இரண்டோடும் சமாதானமாகிவிட்டேன்.

என் புகாருக்கு எதிரான வலுவான சாட்சி ஒன்றையும் மறைக்கக் கூடாது. வியாழனின் ஓவல் பிஏ என்னும் வெண்புயல் சிவப்பாக மாறிவிட்டதை 2006இல் கண்டறிந்து உலகுக்குச் சொன்னவர் பிலிப்பைன்ஸின் செபுவைச் சேர்ந்த கிறிஸ்டோபர் கோ. அவர் கையில் இருந்தது இதே வகையில் 11 அங்குலக் கருவி. அதிலும் குவியம் சரிசெய்ய முதன்மை ஆடிதான் நகரும். ஆகவே, திருகு துள்ளியதால் படம் வரவில்லை என்று நான் சொல்லும் இரவுகளில் பாதியாவது என் கையின் குற்றமாக இருக்கலாம். இதை எழுதும்போதே மனம் ஒப்பவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பழுதுபார்த்தவர், பழைய மசகு இறுகித் திரண்டிருந்தது என்றும், அதைத் துடைத்துப் புதிதாகத் தடவியிருப்பதாகவும் சொன்னார். முன்கண்ணாடியைக் கழற்றினால் எந்தக் கோணத்தில் இருந்ததோ அதே கோணத்தில் திரும்ப மாட்ட வேண்டும். அதற்கான அடையாளக் கோட்டை அவர் சரியாகவே பொருத்தியிருந்தார். ஆனால் துணை ஆடியின் மூன்று திருகுகளைச் சீரமைக்காமல் அனுப்பியிருந்ததால், முதல் இரவு முழுவதும் விண்மீன் வளையங்களை ஒருமையப்படுத்துவதிலேயே கழிந்தது. இரண்டாம் இரவில் வியாழனை வைத்துத் திருகின் திசையை மாற்றிப் பார்த்தேன். பதினைந்து வில்விநாடி துள்ளியது. நாற்பதோடு ஒப்பிட்டால் இது பெரிய முன்னேற்றம் என்று எனக்குத் தெரியும். ஏழு வாரம் காத்திருந்தது சுழியத்துக்காக என்பதால், அந்தப் பதினைந்து முந்தைய நாற்பதைவிட அதிகமாகக் கசந்தது.

எனவே, நண்பருக்கு என் பதில்: வாங்க வேண்டாம். கோள்கள் மட்டுமே குறிக்கோள் என்றால், கண்காணித்துத் திரும்பும் மவுண்டில் அதே துளையுள்ள நியூட்டன் வகையை வாங்குங்கள். குழாய் நீளம், கொலிமேஷனை, அதாவது ஆடிகளின் சீரமைப்பை, அடிக்கடி பார்க்க வேண்டும், இன்னும் வலிய பார்லோ வேண்டும், ஆனால் குவியம் சரிசெய்யும்போது ஆடி அசையாது. மேலே ஆடிகளைப் புகழ்ந்ததையும் சனியின் வரிசையைப் பற்றிச் சொன்னதையும் படித்துவிட்டு, இந்த முடிவு பொருந்தவில்லையே என்று நீங்கள் கேட்பீர்கள். பொருந்தவில்லைதான். அந்த இரண்டாம் இரவுக்கு முன் கேட்டிருந்தால் வேறு பதில் கிடைத்திருக்கும்.

இதையும் மீறி அந்தப் பழைய கருவியைப் பார்க்கப் போவதாக இருந்தால், பகலில் போகாதீர்கள். ஒளிமிக்க ஒரு விண்மீனை உயர் உருப்பெருக்கத்தில் நடுவில் நிறுத்தி, திருகை வலமும் இடமுமாகக் கால் சுற்று மாற்றி மாற்றித் திருப்பி, விண்மீன் எவ்வளவு தள்ளிப் போகிறது என்று ஐந்தாறு முறை பாருங்கள். பிறகு குழாயை வானின் மறுபக்கத்துக்குத் திருப்பி அதையே மீண்டும் செய்யுங்கள். விற்பவர் முதல்முறைக்கே மழுப்பத் தொடங்கினால், அவரும் என்னைப்போலப் பல இரவுகள் அந்தத் திருகோடு போராடியவர் என்று கொள்ளலாம்.