ஷட்டரா, ஸ்லைடிங் கேட்டா, ரிமோட் கதவா? கார் நிறுத்தும் இடத்துக்கு எது பாதுகாப்பு

சேலம் அழகாபுரத்தில் நாங்கள் வீடு கட்டிப் பதினாறு வருடம் ஆகிறது. கார் நிறுத்த முன்பக்கம் பத்தடி அகலம், எட்டடி உயரத்துக்கு இடம் விட்டு, கையால் தூக்கும் ஷட்டர் போட்டோம். அம்மா தினமும் விடியற்காலையில் அந்த ஷட்டரை இடுப்பளவுக்குத் தூக்கிவிட்டு, குனிந்து வெளியே போய்க் கோலம் போடுவார். முழுக்கத் தூக்கினால் சத்தத்தில் வீடே எழுந்துவிடும் என்பதால் அந்தப் பழக்கம். போன மார்கழியில் ஒரு நாள், அவர் வெளியே போய் நிமிர்ந்த அடுத்த நிமிடம் ஷட்டர் தடதடவென்று இறங்கித் தரையில் மோதியது. ஷட்டருக்கு நேர் கீழே கோலப்பொடி டப்பா இருந்தது. நல்ல கனமான எவர்சில்வர் டப்பா. சப்பையாகிவிட்டது.

ஷட்டர் வேலை செய்பவர் வந்து மேல் பெட்டியைக் கழற்றிப் பார்த்தார். உள்ளே இரண்டு ஸ்பிரிங். ஒன்று அன்றைக்கு உடைந்தது, இன்னொன்று அதற்கு ரொம்ப நாள் முன்பே உடைந்திருந்தது. “ரெண்டு மூணு மாசமா தூக்கக் கனமா இருந்திருக்குமே தம்பி?” என்று கேட்டார். இருந்தது. துரு பிடித்திருக்கும் என்று நினைத்து, ஒர்க் ஷாப்பில் கழிவு ஆயில் வாங்கிவந்து இரண்டு பக்கச் சேனலிலும் ஊற்றிக்கொண்டிருந்தோம்.

அதற்குப் பிறகு பழைய ஷட்டரையே சரிசெய்வதா, வேறு ஏதாவது போடுவதா என்று வீட்டில் பேச்சு வந்தது. ஏற்காட்டில் பெரியப்பா வீட்டில் ஸ்லைடிங் கேட். ஃபேர்லேண்ட்ஸில் நண்பர் வீட்டில் பட்டன் அழுத்தினால் மேலே போய் மடங்கிப் படுக்கும் ரிமோட் கதவு. இரண்டையும் போய்ப் பார்த்தேன், கேட்டேன், கழற்றிப் போட்டிருந்தபோதும் பார்த்தேன். விலை, அழகு, வசதி எல்லாம் கடைக்காரர்களே நன்றாகச் சொல்வார்கள். நான் பார்த்தது வேறு: அந்தக் கதவின் எடை எதில் தொங்குகிறது? அது விட்டுப்போனால் யார் மேல் விழும்? விடப்போகிறது என்று நமக்கு முன்கூட்டியே தெரியுமா?

முதலில் ஷட்டர். பதினெட்டு கேஜ் தகடு என்றால் சுமார் 1.2 மில்லிமீட்டர் கனம். பத்துக்கு எட்டடிக்கு வெறும் தகட்டு எடையே 70 கிலோ வரும். பட்டைகள் ஒன்றோடொன்று கோத்திருக்கும் மடிப்பும், அடியில் இருக்கும் கனமான தகடும் சேர்ந்தால் 80 கிலோவுக்குக் குறையாது. அதை அறுபத்தைந்து வயது அம்மா ஒரு கையால் தூக்குகிறார் என்றால், தூக்குவது அவரல்ல. மேலே குழாயைச் சுற்றி முறுக்கி வைத்திருக்கும் ஸ்பிரிங்தான் தூக்குகிறது. கையால் தூக்கும் ஷட்டருக்கு ஒரு அளவும் உண்டு: பேரிங் இல்லாமல் 8 சதுர மீட்டர், பேரிங் போட்டால் 12 சதுர மீட்டர் என்பது கட்டுமானக் கணக்கு. எங்களுடையது சுமார் 7.4. இரண்டு கார் நிற்கும் அகலத்துக்கு ஒரே ஷட்டராகப் போட்டுவிட்டு ஆளுக்கொரு பக்கம் பிடித்து மல்லுக்கட்டும் வீடுகளைப் பார்த்திருக்கிறேன். அங்கெல்லாம் பற்சக்கரம் வைத்த கியர் ஷட்டர்தான் போட்டிருக்க வேண்டும்.

ஷட்டரில் எனக்குப் பிடித்த விஷயம், அது முன்கூட்டியே சொல்லிவிடும். நேற்று வரை ஒரு கையால் போனது இன்று இரண்டு கை கேட்டால், ஸ்பிரிங் போயிருக்கிறது என்று முதலில் சந்தேகப்பட வேண்டும். துரு, தூசி எல்லாம் மெல்ல மெல்லக் கனமாக்கும். ஸ்பிரிங் உடைந்தால் ஒரே நாளில் கனமாகும். எங்கள் வீட்டிலும் அது ஒரே நாளில்தான் கனமானது. அந்த வித்தியாசம் அப்போது எனக்குத் தெரியவில்லை. இப்போது மாதம் ஒரு முறை ஷட்டரைப் பாதி உயரத்துக்குத் தூக்கி, பக்கத்தில் நின்றபடி மெதுவாகப் பிடியைத் தளர்த்திப் பார்க்கிறேன். அதே இடத்தில் நின்றால் சரி. சரசரவென்று கீழே வந்தாலோ, தானாக மேலே இழுத்தாலோ ஷட்டர்காரருக்குப் போன். ஸ்பிரிங் பெட்டியில் நாமாக ஸ்பேனர் வைக்கவே கூடாது. அதில் அடைத்து வைத்திருக்கும் முறுக்கு ஒரே நொடியில் அவிழ்ந்தால் கைவிரலோ மணிக்கட்டோ போய்விடும்.

அப்புறம் அந்தக் கழிவு ஆயில். சேலத்தில் பாதி ஷட்டர்களின் சேனலில் கறுப்பாக அப்பியிருப்பது அதுதான். நம் ஊர்த் தூசிக்கு ஆயில் பட்ட இடம் பசை மாதிரி. நாலு மாதத்தில் மண்ணும் ஆயிலும் சேர்ந்து களிம்பாகி, பட்டையின் ஓரத்தை அரம் போட்டு ராவுவது போல் ராவிவிடும். எங்கள் ஷட்டர் சேனலில் இருந்து ஸ்குரூ டிரைவரால் சுரண்டி எடுத்த களிம்பு ஒரு டீ டம்ளர் நிறைய இருந்தது. சேனலை மண்ணெண்ணெய் தொட்ட துணியால் துடைத்துக் காயவிட்டு, சிலிக்கான் ஸ்பிரே லேசாக அடித்தால் போதும். கிரீஸ் பேரிங்குக்கு மட்டும். மேல் பெட்டியையும் வருடத்துக்கு ஒரு முறை திறந்து பார்க்கச் சொல்லுங்கள். எங்கள் பெட்டியில் அணில் கூடு கட்டியிருந்தது. தேங்காய் நார் குழாயில் சுற்றி ஒரு பக்கம் மட்டும் இறுகி, ஷட்டர் கோணலாகச் சுருண்டதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஸ்லைடிங் கேட்டில் ஸ்பிரிங் கிடையாது. தலைக்கு மேல் எதுவும் தொங்குவதில்லை. அதனாலேயே ஷட்டரைவிடப் பாதுகாப்பு என்று நம்மில் பலர் நினைக்கிறோம். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஆனால் மூன்றிலும் எனக்கு அதிகப் பயம் தந்தது இதுதான். பன்னிரண்டுக்கு ஆறடி கேட், 2 மில்லிமீட்டர் தகடு என்றால் தகடு மட்டுமே 105 கிலோ. சுற்றிலும் இருக்கும் இரும்புச் சட்டம் தனி. இவ்வளவு எடையும் கீழே இரண்டு சக்கரத்தின் மேல் செங்குத்தாக நிற்கிறது. சாயாமல் பிடித்துக்கொள்வது மேலே இருக்கும் சின்ன கைடு ரோலர்கள் மட்டும்தான். தண்டவாளத்தின் முடிவில் தடுப்புக் கட்டை இல்லையென்றால், வேகமாகத் தள்ளும்போது கேட் ரோலரைத் தாண்டி வெளியே போய் அப்படியே சாயும். கேட் விழுந்து குழந்தை இறந்த செய்தியை நாம் எல்லோரும் பேப்பரில் படித்திருக்கிறோம். ஆடுவதற்காகக் கேட்டில் ஏறித் தொங்குவதும், அதை ஓடித் தள்ளுவதும் குழந்தைகளுக்கு விளையாட்டு. கேட்டுக்கு அது தாங்காது.

இன்னொன்று, ஷட்டர் போல இது முன்கூட்டி எதுவும் சொல்லாது. தடுப்புக் கட்டை போய்விட்டாலும் கேட் எப்போதும்போல் லேசாகத்தான் ஓடும். அந்தக் கட்டை எப்படிக் காணாமல் போகிறது தெரியுமா? தெருவில் புது ரோடு போடுவார்கள், ரோடு மட்டம் ஏறும், மழைத் தண்ணீர் உள்ளே வரும். நாம் வாசலை உயர்த்தி, கேட்டைக் கழற்றித் தண்டவாளத்தைத் தூக்கி வைப்போம். வேலை முடிந்து மேஸ்திரி போன பிறகு பார்த்தால் பழைய தடுப்புக் கட்டை சிமெண்டுக்குள் பாதி புதைந்திருக்கும். பெரியப்பா வீட்டிலும் அதுதான் நடந்திருந்தது. ஆறு அங்குலம் நின்ற இரும்புத் துண்டு இரண்டு அங்குலம்தான் வெளியே தெரிந்தது. “இத்தனை வருஷமா ஓடுது, ஒண்ணும் ஆகலையே” என்றார் பெரியப்பா. அன்றே வெல்டிங் பட்டறையில் சொல்லி, கீழே இரண்டு முனையிலும், மேலே கேட் சட்டத்திலும் தடுப்பு வைக்கச் சொல்லிவிட்டுத்தான் மலை இறங்கினேன்.

ஏற்காட்டுக்கு என்று தனிச் சிக்கல்களும் உண்டு. 1,500 மீட்டர் உயரம், பனிமூட்டம், மழை. கீழே சேலத்தில் பத்து வருடம் தாங்கும் பெயிண்ட் அங்கே நாலு வருடத்தில் கொப்பளிக்கிறது. முதலில் துருப்பிடிப்பது கண்ணில் படாத இடங்கள்: கேட்டின் அடிச்சட்டம், சக்கரத்தின் ஆணி, கைடு ரோலரின் போல்ட். சில்வர் ஓக் இலை தண்டவாளத்தில் விழுந்து நனைந்து கூழாகி, சக்கரத்தை மேலே தூக்கிவிடுகிறது. வீட்டுப் பாதையே சரிவில் இருந்தால் கேட் தானாக ஓடும். அப்படிப்பட்ட இடத்தில் ஸ்லைடிங் கேட்டே வேண்டாம் என்பேன்.

ரிமோட் கதவுக்கு வருவோம். அகலமான நாலைந்து பலகைகளைக் கீல் போட்டு இணைத்து, பக்கத் தண்டவாளத்தில் மேலே ஏறிக் கூரைக்கு அடியில் படுத்துக்கொள்ளும் கதவு. அமெரிக்க வீடுகளில் இதுதான் வழக்கம். பலகைக்குள் நுரை அடைத்திருப்பதால் சித்திரை வெயிலிலும் உள்ளே அவ்வளவு வேகாது. நண்பர் வீட்டுக் கதவு சத்தமே இல்லாமல் ஏறியபோது, இதைப் போட்டிருந்தால் அம்மா கதவைப் பாதியில் நிறுத்திக் குனிந்திருக்கவே மாட்டாரே என்று தோன்றியது.

இதன் எடையைத் தாங்குவதும் ஸ்பிரிங்தான். இதுவும் இறுக்கமாக முறுக்கி வைத்ததுதான். வாசலுக்கு மேல் குறுக்காக ஒரு தண்டில் இருக்கும், அங்கிருந்து இரண்டு கம்பி வடம் கதவின் அடிமூலைக்கு வரும். சாதாரண ஸ்பிரிங்குக்குச் சொல்லும் ஆயுள் 10,000 முறை. திறந்து மூடுவது ஒரு முறை. ஒரு நாளைக்கு நாலு முறை என்றால் ஏழு வருடத்துக்குக் கொஞ்சம் குறைவு. அதனால் வாங்கிய தேதியைச் சுவரில் எழுதி வையுங்கள், ஆறாவது வருடமே ஆளைக் கூப்பிடுங்கள். அடிமூலையில் வடம் மாட்டியிருக்கும் பிடியின் போல்ட்டில் யாரும் கை வைக்கக் கூடாது. கதவு மூடியிருக்கும்போதும் வடம் முழு இழுவையில்தான் இருக்கும்.

ஆனால் பாதுகாப்பு ஏற்பாட்டில் இதை மற்ற இரண்டும் நெருங்க முடியாது. அமெரிக்காவில் 1993 முதல் தயாராகும் வீட்டுக் கதவு மோட்டார்களுக்கு, தடை பட்டால் கதவு திரும்பி மேலே போக வேண்டும், அதோடு ஆள் இருப்பதை உணரும் ‘கண்’ (சென்சார்) போன்ற இன்னொரு தனி ஏற்பாடும் இருக்க வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. குழந்தைகள் கதவுக்கு அடியில் சிக்கி இறந்த பிறகு வந்த சட்டம். அந்தக் கண் தரையிலிருந்து ஆறு அங்குலத்துக்கு மேல் போகக் கூடாது. படுத்திருக்கும், தவழும் குழந்தையும் அதன் பார்வையில் பட வேண்டும் என்பதற்காக. நண்பர் வீட்டில் முழங்கால் உயரத்தில் மாட்டியிருந்தார்கள். கீழே வைத்தால் தூசி அடைகிறது, சிலந்தி கூடு கட்டுகிறது என்று மாட்டியவர் காரணம் சொன்னாராம். தூசியைத் துணியால் துடைத்துக்கொள்ளலாம். கண்ணை இறக்கி மாட்டச் சொல்லுங்கள். மேற்குப் பார்த்த வாசலில் சாயங்கால வெயில் நேராகக் கண்ணில் விழுந்தாலும் கதவு மூட மறுக்கும். அதற்காகக் கண்ணின் வயரைப் பிடுங்கிப் போடுபவர்கள் இருக்கிறார்கள். அதைச் செய்யாதீர்கள், ஒரு சின்ன மறைப்பு போதும்.

மாதச் சோதனை சுலபம். ஒன்றரை அங்குலக் கனமுள்ள மரக்கட்டையை வாசலில் படுக்க வைத்துக் கதவை இறக்குங்கள். தொட்டதும் திரும்பி ஏற வேண்டும். ஏறவில்லை என்றால் சரிசெய்யும் வரை மோட்டாரை ஓட்டாதீர்கள்.

இதற்கு நம் ஊரில் இருக்கும் குறை, ஆள். எங்கள் ஷட்டர் உடைந்த அன்றே ஆள் வந்தார், மறுநாள் புது ஸ்பிரிங் போட்டுவிட்டுப் போனார். நண்பர் வீட்டில் வடம் பிரிந்தபோது பொருள் வெளியூரிலிருந்து வர பதினெட்டு நாள் ஆனது. அதுவரை கார் தெருவில். பழைய வீடுகளில் வாசலுக்கு மேல் பீம் தாழ்வாக இருந்தால் இந்தக் கதவைப் போடவே முடியாது.

பழைய ஷட்டருக்கே மோட்டார் வைக்கலாமே என்று கேட்பவர்களுக்கு: கண்ணும் இல்லாமல், விழாமல் பிடிக்கும் தடுப்பு பிரேக்கும் இல்லாமல் மோட்டாரும் ரிமோட்டும் மட்டும் வைப்பதுதான் நான் பார்த்ததிலேயே மோசமான ஏற்பாடு. கையால் இறக்கும்போது கீழே யார் இருக்கிறார்கள் என்று நமக்குத் தெரியும். மாடியிலிருந்து ரிமோட்டை அழுத்தினால் தெரியாது. மோட்டார் வேண்டுமென்றால், அழுத்திப் பிடித்திருக்கும் வரை மட்டும் ஓடி, விட்டால் நிற்கும் சுவிட்சை வாசல் தெரியும் இடத்தில் வையுங்கள். கரண்ட் போனால் கையால் இயக்கும் சங்கிலி இருக்கிறதா என்றும் பாருங்கள்.

வாசலுக்கு முன் இடம் இருந்தால், இரண்டு பக்கமும் திறக்கும் சாதாரணக் கீல் கேட்டை நான் எல்லாவற்றுக்கும் மேலே வைப்பேன். கீலில் சொட்டு எண்ணெய், காற்றில் அடிக்காமல் தரையில் ஒரு தாழ்ப்பாள். பராமரிப்பு அவ்வளவுதான். நகரத்துக்குள் முப்பதடி மனையில் அந்த இடம் யாருக்கும் கிடைப்பதில்லை என்பதால்தான் இவ்வளவு பேச்சு.

சின்னக் குழந்தைகள் இருக்கும் வீட்டில், தடுப்புக் கட்டைகளை நீங்களே மாதாமாதம் பார்ப்பீர்கள் என்றால் ஒழிய ஸ்லைடிங் கேட் வேண்டாம். புது வீடு, உயரமான கூரை, வருடா வருடம் ஆள் வந்து பார்க்கும் ஒப்பந்தம், மூன்றும் இருந்தால் ரிமோட் கதவு. மற்றபடி சேலத்தில் ஒரு கார் வாசலுக்குக் கையால் தூக்கும் ஷட்டர் போதும், இரண்டு ஸ்பிரிங்கையும் ஒன்றாக மாற்றுவதாக இருந்தால்.

நாங்களும் ஷட்டரையே வைத்துக்கொண்டோம். இரண்டு ஸ்பிரிங்கும் புதிது, பேரிங் புதிது. ஆயுத பூஜைக்கு முதல் நாள் ஷட்டர்காரர் வந்து மேல் பெட்டியைத் திறந்து பார்ப்பது என்று பேசி வைத்திருக்கிறோம். எப்படியும் ஷட்டரைத் துடைத்துச் சந்தனம், குங்குமம் வைக்கும் நாள், மழைக்காலமும் அப்போதுதான் ஆரம்பிக்கிறது. பக்கச் சுவரில் இரண்டரை அடிக்கு ஒரு சின்ன இரும்புக் கதவும் வைத்தோம். அம்மா இப்போது புது டப்பாவோடு அந்தக் கதவு வழியாகத்தான் கோலம் போடப் போகிறார்.