ஒன்பதுக்குக் கோடில்லாத சிரிஞ்

நேற்று எங்கட பள்ளிக்கூடத்தில ஒரு ரீச்சர் கேட்டவா: "அக்கா, அப்பாவுக்கு இன்சுலின் எழுதிப்போட்டினம். எந்தச் சிரிஞ் வாங்கிறது?" இடைவேளைக்குள்ள சொல்லி முடிக்கேலாமப் போச்சு, அதுதான் இங்க எழுதுறன். 2021 இலயிருந்து அம்மாவுக்குக் காலையும் இரவும் நான்தான் ஊசி போடுறன்.

இன்சுலினை அளக்கிறது யூனிட் கணக்கில. முதல் மூண்டு வருசமும் ஒரு மில்லிலீற்றர் சிரிஞ்தான், 100 யூனிட் பிடிக்கிறது. குறை சொல்ல ஏலாது. ஊசி அவ்வளவு மெல்லிசு, போட்டு முடிஞ்ச பிறகும் அம்மா "போட்டிட்டியோ பிள்ளை?" எண்டு கேப்பா. ஒருநாளும் ஒழுகினதில்லை. எந்தப் பாமசியிலயும் இருக்கும்.

ஆனா நான் வாங்கினதில ஒரு கோட்டுக்கு 2 யூனிட். கிளினிக்கில எழுதித் தந்தது காலை 18, இரவு 9. காலையில கரைச்சல் இல்லை. இரவுதான். எட்டுக்குக் கோடிருக்கு, பத்துக்குக் கோடிருக்கு, ஒன்பதுக்கு ஒண்டுமில்லை.

அம்மான்ர மருந்து பால்மாதிரிக் கலங்கினது. குலுக்கக்கூடாது, உள்ளங்கை இரண்டுக்கும் நடுவில வைச்சு மெல்ல உருட்டவேணும். ஒன்பது அளவுக்குக் காத்தை உள்ள விட்டு, போத்தலைக் கவிட்டு இழுத்து, குமிழியைச் சுண்டி ஏத்தி, சிரிஞ்சுக்குள்ள இருக்கிற ரப்பரின்ர ஊசிப்பக்கத்து விளிம்பை இரண்டு கோட்டுக்கும் நடுவில நிப்பாட்டவேணும். மயிரிழை தள்ளினா எட்டு, மற்றப்பக்கம் தள்ளினா பத்து. 2022 பங்குனிக் கடைசியில கரண்ட் 13 மணித்தியாலம் இல்லாத நாளில ரோச் லைற் வெளிச்சத்தில இதைச் செய்தனான். கை நடுங்கினது இண்டைக்கும் ஞாபகம்.

போன வருசம் ஒரு சாமம் அம்மாவுக்கு வேர்த்துக் கொட்டி, நாக்குக் குழறி, குத்திப் பாத்தா சீனி 58 இக்கு இறங்கிக் கிடந்தது. குளுக்கோஸ் கரைச்சுக் குடுத்து, கால் மணித்தியாலத்தால திரும்பக் குத்திப் பாத்து, ஏறினபிறகுதான் மூச்சு வந்தது. அண்டிரவு அம்மா புட்டு அரைவாசிதான் சாப்பிட்டவா, அதையும் சொல்லத்தான் வேணும். முழுப்பழியையும் சிரிஞ்சில போட ஏலாது. ஆனா அண்டைக்கு நான் இழுத்தது ஒன்பதோ பத்தோ எண்டு எனக்குத் தெரியாது. அதுதான் எனக்குப் பொறுக்கேலாமக் கிடக்கு.

அதுக்குப் பிறகு அரை மில்லிலீற்றர் சிரிஞ்சுக்கு மாறினன். 50 யூனிட் பிடிக்கும், ஒவ்வொரு யூனிட்டுக்கும் ஒரு கோடு. குழாய் ஒடுக்கம், அதால கோடுகளும் தள்ளித்தள்ளி இருக்கு. முதல்நாள் இரவு ரப்பர் விளிம்பு ஒன்பதாம் கோட்டில வந்து நிண்டதைப் பாத்து எனக்கு அழுகை வந்திட்டுது. ஒரே குறை, எல்லாக் கடையிலயும் இராது. கண்ட இடத்தில ஒரு பெட்டி வாங்கி வைக்கிறன்.

மற்றது, சென்னையால வந்த மச்சாள் ஆசையாக் கொண்டுவந்து தந்த சிரிஞ்சுக்குச் சிவப்பு மூடி. அது இந்தியாவில விக்கிற, ஒரு மில்லிலீற்றருக்கு 40 யூனிட் உள்ள இன்சுலினுக்கு. இஞ்ச அம்மாவுக்குத் தாற போத்தலில ஒரு மில்லிலீற்றருக்கு 100 யூனிட். அந்தச் சிரிஞ்சில ஒன்பதுக்கு இழுத்திருந்தா உள்ள போறது இருபத்திரண்டரை. போத்தலிலயும் சிரிஞ்சிலயும் ஒரே எண் இருக்கோ எண்டு பாக்காமத் தொடாதேங்கோ.

ஒரு தரத்துக்கு 50 யூனிட்டுக்கு மேல போடுறவைக்குப் பெரிய சிரிஞ்தான் வேணும், அது நியாயம். அதில பிழையான வேலைப்பாடும் ஒண்டுமில்லை. எண்டாலும் எங்கட வீட்டுப் படி அது இனி ஏறாது, கேக்கிற ஆக்களுக்கும் வாங்கச் சொல்லமாட்டன். ரீச்சரின்ர அப்பாவுக்கு இரவைக்கு ஏழு யூனிட்டாம். என்ர பெட்டியிலயிருந்து பத்துச் சிரிஞ் எடுத்து நாளைக்குக் கொண்டுபோக வைச்சிருக்கிறன்.